கிராண்டுக்கு எப்படி எழுதுறது? கோத்தகிரி பக்கம் சின்ன சங்கம், 12ஏ இல்ல, கைல 23 நாள் தான் இருக்கு

மூடுபனி_கோத்தகிரி:

வணக்கம்ங்க, நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கோத்தகிரிக்குக் கீழ தேயிலை எஸ்டேட்டை ஒட்டின ஒரு ஊருங்க எங்களது. எட்டு பேர் சேர்ந்து 2019ல சங்கமா பதிவு பண்ணினோம். வேலைன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணு தான், சாயங்காலம் அஞ்சு மணில இருந்து ஆறரை வரைக்கும் ஊர் பொது ஹால்ல பிள்ளைங்களுக்குப் பாடம். அம்மாக்கள் கொழுந்து பறிச்சு இலை எடை போட்டு வீடு வந்து சேர ஆறு ஆறரை ஆயிடுது, அது வரைக்கும் லைன் வீட்டு வாசல்ல அந்தக் குளிர்ல தனியா உக்காந்திருக்க வேண்டாமேன்னு தான் ஆரம்பிச்சோம். இப்போ 34 பேர் வர்றாங்க. அதுல 9 பேர் ஜார்கண்ட்ல இருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைங்க, தமிழ் நல்லாவே பேசுறாங்க, எழுத்துக் கூட்டத் தான் வரல. நம்ம பிள்ளைங்களுக்கு எழுத்து வருது, கணக்கு வரல, அது வேற கதை.

இதுவரைக்கும் செலவெல்லாம் எங்க கைக்காசு, அப்புறம் கோயமுத்தூர் திருப்பூர்ல வேலை பாக்குற ஊர்ப் பசங்க அனுப்புறது. போன வருஷம் மொத்த வரவு 2 லட்சத்து 40 ஆயிரம் சொச்சம். ரெண்டு வருஷமா ஆடிட் பண்ணி வச்சிருக்கோம், பான் கார்டு பேங்க் அக்கவுண்ட் ரெண்டும் சங்கத்து பேர்ல தான் இருக்கு. 12ஏ, 80ஜினு வருமான வரி ஆபீஸ்ல வாங்குற வரிச் சலுகைப் பதிவு ரெண்டும் கிடையாது.

போன வாரம் வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப் வந்துச்சு, மலைப்பகுதில இருக்குற சின்ன அமைப்புகளுக்கு ஒரு ஃபவுண்டேஷன் கிராண்ட், அதாவது நிதி உதவி, தர்றாங்கன்னு. விசாரிச்சுப் பாத்தோம், நெஜமான ஆளுங்க தான். ரெண்டு பக்கத்துல கான்செப்ட் நோட் (திட்டச் சுருக்கம்), பட்ஜெட், ஆடிட் ரிப்போர்ட், 12ஏ 80ஜி "இருந்தால்"னு போட்டிருக்கு. அப்புறம் "லோக்கல் கான்ட்ரிபியூஷன்"னு ஒரு கட்டம், "தியரி ஆஃப் சேஞ்ச்"னு ஒரு கட்டம். இந்த ரெண்டையும் பாத்துட்டு எங்க செயலாளர் ஃபார்மை மடிச்சு பைக்குள்ள வச்சுட்டார், ரெண்டு நாளா வெளிய எடுக்கல.

எங்க கமிட்டில பாதிப்பேர் 12 லட்சம் கேட்டு சொந்தமா ஒரு கட்டடம் போட்டுடலாம்ங்கிறாங்க. கேக்குறது தான் கேக்குறோம், பெருசா கேப்போம்ங்கிறது அவங்க கணக்கு. எனக்கு அது சரியாப் படல, ஆனா ஏன் சரியில்லன்னு சொல்லவும் தெரியல. இங்கிலீஷ்ல தான் எழுதணுமா, எவ்வளவு கேக்கலாம், 12ஏ இல்லாம அனுப்புனா குப்பைக்குப் போயிடுமா, அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க.

கூடலூர்_கணக்குப்பிள்ளை:

தம்பி, மொதல்ல அந்த 12 லட்சத்தைத் தூக்கி ஓரமா வைங்க. நான் இங்க ஒரு சின்ன டிரஸ்ட்ல ரொம்ப வருஷமா கணக்கு எழுதுறவன், நாங்களும் ஒருக்கா கட்டடம் கேட்டு எழுதி அசிங்கப்பட்டிருக்கோம்.

கட்டடம்னதும் அவங்க கேக்குற மொதல் கேள்வி நிலம் யார் பேர்ல இருக்கு. உங்களுக்கு எப்படியோ, எங்க பக்கம் இது பெரிய தலைவலி, 1969ல வந்த ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்துல செக்‌ஷன் 17 நிலம்னு ஒண்ணு இருக்கு, தலைமுறை தலைமுறையா குடியிருந்தாலும் பட்டா கிடையாது. பட்டா இல்லாத இடத்துல கட்டடத்துக்கு எவன் பணம் தருவான்? சரி பட்டா இருக்குன்னே வைங்க, நீலகிரில கட்டட அனுமதி வாங்குறது கீழ இருக்குற ஊர் மாதிரி இல்ல, சரிவு பாக்கணும், உயரம் பாக்கணும், சில கிராமத்துல ஹாக்கானு சொல்ற மலைப்பகுதிப் பாதுகாப்பு கமிட்டி வரைக்கும் ஃபைல் போகும். கிராண்ட் ஒரு வருஷத்துக்கு, அனுமதி வரவே ஒரு வருஷம், அப்புறம் பணத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது. அதுக்கு மேல, நீங்க நடத்துறது வகுப்பு, கட்டடம் இல்ல. ஹால் தான் ஓசில கிடைக்குதே. கட்டடமே தான் வேணும்னு நின்னாங்கன்னா நமக்கு நாமே திட்டத்துல கேட்டுப் பாக்கச் சொல்லுங்க, மூணுல ஒரு பங்கு ஊர்க்காரங்க போட்டா மீதி அரசாங்கம் போடும், பொதுச் சொத்தா நிக்கும், ஆனா அது தனி வேலை, தனி ஃபைல்.

இப்போ உங்களுக்கு நெஜமாவே கை கடிக்கிற செலவு எது? அதை மட்டும் எழுதுங்க. மாசக் கடைசில யார்கிட்ட எதுக்காக கடன் வாங்குறீங்களோ அது தான் உங்க ப்ரொபோசல்.

அடுத்தது, எழுதறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணுங்க. அந்த பிடிஎஃப்ல கண்டிப்பா ஒரு நம்பரோ மெயிலோ இருக்கும். நம்ம ஆளுங்க ஃபோன் பண்றதை ஏதோ சிபாரிசுக்குப் போற மாதிரி நெனச்சு கூச்சப்படறாங்க, அப்படி ஒண்ணும் இல்ல, ப்ரோக்ராம் ஆபீசருக்கு சம்பளமே அதுக்குத் தான். "நாங்க இன்ன ஊரு, 34 பிள்ளைங்க, வருஷ வரவு இவ்வளவு, 12ஏ இல்ல, நாங்க அனுப்பலாமா, தமிழ்ல எழுதலாமா"ன்னு நாலு வரி கேட்டா போதும். வேண்டாம்னாங்கன்னா 23 நாள் மிச்சம்.

இன்னொண்ணு, மழையைக் கணக்குல எடுக்காம வேலைத் திட்டம் போடாதீங்க. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? அப்போ எங்க ஒரு ப்ராஜெக்ட் நடுவுல மாட்டிக்கிச்சு. ரோடு இல்ல, கரண்டு இல்ல, ட்ரெய்னிங் வைக்கிறதா சொன்ன ஸ்கூல்ல ஜனங்க தங்கியிருந்தாங்க. நான் பயந்துக்கிட்டு ரிப்போர்ட் அனுப்பாம இழுத்தடிச்சேன். எங்க தலைவி தான் திட்டி ஃபோனைப் போட்டுக் குடுத்தாங்க. பேசினா அவங்க அரை மணி நேரத்துல "மூணு மாசம் தள்ளிக்குங்க, பணம் அதே தான், லெட்டர் ஒண்ணு மட்டும் அனுப்புங்க"ன்னுட்டாங்க. நான் ஒரு மாசம் தூக்கம் கெட்டது தான் மிச்சம். எங்களுக்கு ஜூன்ல இருந்து ஆகஸ்ட் மழை, உங்களுக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர், அதைப் பாத்து போடுங்க.

சும்மா_ஒருத்தன்:

இதெல்லாம் பேச்சுக்குத் தான் ஜி. பெரிய ஆளு யாராவது தெரிஞ்சிருந்தா கிடைக்கும், இல்லன்னா பேப்பர் செலவு தான் மிச்சம். எங்க ஊர்ல நாலு வாட்டி போட்டோம், பதிலே வரல.

தாண்டிக்குடி_காப்பி:

பழனி மலைல இருந்து எழுதறேன். மேல ஒருத்தர் சொன்னதுக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா நான் ரெண்டு வருஷம் இந்த மாதிரி ஒரு சின்ன கிராண்டுக்கு தேர்வுக் குழுவுல உக்காந்திருக்கேன், சம்பளம் கிடையாது, டீயும் பிஸ்கட்டும் தான். தெரிஞ்ச ஆளு இருந்தா நடக்காதான்னா, நடக்கிற இடமும் இருக்கும்ணே, இல்லைன்னு சொல்லல. ஆனா பதில் வராம போறதுல பாதிக்கு மேல ஏன்னு நான் பாத்திருக்கேன். ஆடிட் ரிப்போர்ட்ல ஒரு வருஷம் காணோம், பட்ஜெட் கூட்டுனா மொத்தம் சேரல, இல்ல அவங்க மலை கிராமத்துக்குன்னு அறிவிச்சதுக்கு கீழ வத்தலக்குண்டுல இருந்து கம்ப்யூட்டர் சென்டருக்குக் கேட்டு வரும். நாலு வாட்டி அதே பேப்பரைத் தேதி மாத்தி அனுப்புனா நாலு வாட்டியும் அதே கதி தான். ஒருக்கா ஃபோன் போட்டு எங்க விட்டோம்னு கேட்டீங்களா?

இப்போ கோத்தகிரித் தம்பிக்கு. சமுதாயத்தை வச்சு நடக்குற ஃபவுண்டேஷன்னா என்னன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா எழுதறது சுலபம். இந்த ஏற்பாடு 1914ல அமெரிக்காவுல கிளீவ்லாண்ட்ங்கிற ஊர்ல ஆரம்பிச்சது, ஃபிரெடரிக் காஃப்னு ஒரு பேங்க்காரர். பணக்காரங்க சாகும்போது "இந்தப் பணம் இன்ன காரியத்துக்கு மட்டும்"னு எழுதி வச்சுட்டுப் போயிடுவாங்க, அம்பது வருஷம் கழிச்சு அந்தக் காரியமே இருக்காது, பணம் சும்மா தூங்கும். அதுக்கு அவர், ஊர்ப் பணத்தை எல்லாம் ஒரே பெட்டில போடுங்க, அந்தந்தக் காலத்துக்கு எது தேவைன்னு ஊர்க்காரங்க குழு முடிவு பண்ணட்டும்னார். நம்ம ஊர் கோயில் வரிப் பணத்தை கூட்டம் போட்டு செலவு பண்றதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, அவங்க பேங்க்ல வச்சாங்க, நாம பெட்டில வச்சோம், அவ்வளவு தான். உங்களுக்கு வந்த பிடிஎஃப் எந்த மாதிரி ஆளுங்களோ எனக்குத் தெரியாது, ஆனா "லோக்கல் கான்ட்ரிபியூஷன்"னு தனியா கட்டம் போட்டு கேக்குறாங்கன்னா இந்த வழில வர்றவங்களா இருக்கலாம். உங்க ஊரு இதுல என்ன போடுதுங்கிறதைத் தான் மொதல்ல பாப்பாங்க.

போடறதுன்னா ரொக்கம் மட்டும் இல்ல. ஹால் ஓசின்னு சொன்னீங்களே, அதுக்கு வாடகை குடுத்தா மாசம் என்ன ஆகும்? அதை எழுதுங்க. கரண்டு பில் யார் கட்டுறா? சுண்டல் யார் அவிக்கிறா? எழுதலன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும். பெத்தவங்க மாசம் அம்பது ரூபா குடுத்தாலும் நோட்டுல கையெழுத்து வாங்கி வைங்க, அந்த அம்பது ரூபாய்க்கு இருக்குற மரியாதை பெரிய ஆளுங்க குடுக்குற சிபாரிசு லெட்டருக்குக் கிடையாது.

"தியரி ஆஃப் சேஞ்ச்" பாத்து உங்க செயலாளர் பயப்பட வேண்டாம். நீங்க இதைச் செஞ்சா பிள்ளைங்களுக்கு அது எதனால நடக்கும்னு சொல்லணும், அவ்வளவே. நீங்க மேல எழுதியிருக்கீங்களே, அம்மா வர ஆறரை ஆகுது, அது வரைக்கும் பிள்ளை வாசல்ல தனியா, ஜார்கண்ட் பிள்ளைக்கு பேச்சு வந்துடுச்சு எழுத்து வரல, அது தான். இதையே அப்படியே எழுதுங்க. தயவு செஞ்சு இதை ஏஐல போட்டு பெரிய இங்கிலீஷா மாத்திடாதீங்க. போன தடவ எனக்கு வந்த கட்டுல முக்கால்வாசி ஒரே அச்சு, எம்பவர்மென்ட், சஸ்டெயினபிள், ஹோலிஸ்டிக்னு, ஊர்ப் பேரை மறைச்சுட்டா எது எவங்களோடதுன்னே தெரியாது. பதினஞ்சாவது பேப்பருக்கு மேல கண்ணு தானா மூடுது.

எங்களுக்கு மறக்காத ஒண்ணு, கீழ்ப்பழனில இருந்து ஒரு பெண்கள் குழு அனுப்புனது. தமிழ்ல, கையெழுத்துல, கோடு போட்ட தாள்ல. அவங்களும் உங்க மாதிரி மாலை வகுப்பு தான். கூட வருகைப் பதிவேட்டை நாலு பக்கம் ஃபோன்ல படம் எடுத்து ஒட்டியிருந்தாங்க. ஒரு மாசம் முழுக்க பாதி கட்டத்துக்கு மேல "வ" இல்ல. கீழ ஒரு வரி, "இந்த மாதம் காப்பிப் பழம் எடுக்கும் சீசன், பிள்ளைகளும் கூடப் போய்விடுவார்கள், அப்போது வகுப்பை ஞாயிறு காலைக்கு மாற்றிக்கொள்கிறோம்". குழுவுல இருந்த ஆறு பேரும் அந்தப் பக்கத்தை தான் கைமாத்தி கைமாத்திப் பாத்தோம். நூத்துக்கு நூறு வருகைன்னு எழுதுனவங்களை யாரும் நம்பல.

அப்புறம் ஒரு கேள்விக்கு இப்பவே பதில் ரெடி பண்ணி வச்சுக்குங்க. அரசாங்கம் இல்லம் தேடிக் கல்வினு 2021ல ஆரம்பிச்சாங்களே, அதுவும் சாயங்கால வகுப்பு தான், அப்புறம் நீங்க எதுக்குன்னு கட்டாயம் கேப்பாங்க. நான் இருந்தா கேப்பேன்.

குன்னூர்_ஆடிட்_ஆபீஸ்:

ஆடிட்டர் கிட்ட வேலை பாக்குறேன், ஆடிட்டர் இல்ல, அதனால கடைசி வார்த்தைக்கு உங்க ஆடிட்டரையே கேட்டுக்கங்க. 12ஏ விஷயம் மட்டும் சொல்றேன்.

12ஏ (அப்புறம் 12ஏபினு மாத்துனது) இல்லாம கிராண்ட் வாங்கவே கூடாதுன்னு சட்டம் இல்லைங்க. அது இல்லன்னா வர்ற பணம் உங்களுக்கு வருமானக் கணக்குல போயிடும், வரிவிலக்கு கிடைக்காது, அது தான் விஷயம். 80ஜி குடுக்குறவங்களுக்கு வரிச் சலுகை. உங்க பிடிஎஃப்ல "இருந்தால்"னு போட்டிருக்குறதால அனுப்பலாம். ஆனா கம்பெனிங்க சமூக வேலைக்குன்னு ஒதுக்குற சிஎஸ்ஆர் பணம்னா கதை வேற, அங்க 12ஏ, 80ஜி ரெண்டும் வேணும், மூணு வருஷ வேலை காட்டணும், சிஎஸ்ஆர்-1 பதிவு வேணும், இது 2021 ஏப்ரல்ல இருந்து கட்டாயம். அதனால அந்த ஃபவுண்டேஷனுக்குப் பணம் எங்க இருந்து வருதுன்னு ஃபோன் பண்ணும்போதே கேட்டுடுங்க. வெளிநாட்டுப் பணம்னா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை வாங்குறதுக்கான அனுமதி) இல்லாம ஒரு ரூபா கூட தொட முடியாது, 2020 திருத்தத்துக்கு அப்புறம் எஃப்சிஆர்ஏ இருக்குற அமைப்பே கூட அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கை மாத்திக் குடுக்க முடியாது. உள்நாட்டுப் பணம்னா மட்டும், 12ஏ இருக்குற பக்கத்து டிரஸ்ட் ஒண்ணோட சேர்ந்து, அவங்க மூலமா வாங்கி நீங்க நடத்துறதுன்னு ஒப்பந்தம் போட்டுக்கலாம், அதுக்கும் ஃபவுண்டேஷன் சரின்னு சொல்லணும்.

12ஏக்கு இப்பவே போட்டுடுங்க, ஆனா 23 நாள்ல வரும்னு நம்பாதீங்க. புதுசா ஆரம்பிக்கிற டிரஸ்டுக்கு மூணு வருஷத்துக்குத் தற்காலிகப் பதிவு சீக்கிரமே கிடைச்சுடும், ஆனா உங்க மாதிரி ஏற்கனவே வேலை நடந்துக்கிட்டு இருந்தா நேரா ரெகுலர் பதிவுக்குத் தான் போகணும், அதுல கேள்வி கேப்பாங்க, போட்டோ, பில், வகுப்பு நடந்த ஆதாரம் எல்லாம் கேப்பாங்க, ஆறு மாசம் ஆகும், இன்னும் கொஞ்சம் இழுக்கவும் செய்யும். புது வருமான வரிச் சட்டத்துல செக்‌ஷன் நம்பர் எல்லாம் மாறிடுச்சு, ஜனங்க வாய்ல மட்டும் இன்னும் 12ஏ 80ஜி தான், அதனால ஃபார்ம் எதுன்னு ஆடிட்டர் சொல்றதையே போடுங்க. தொண்டு அமைப்புகளுக்கான மத்திய அரசு தர்பண் போர்ட்டல்ல சங்கத்தைப் பதிஞ்சு ஐடி வாங்கி வைங்க, அது காசில்லாம ஆகுற வேலை.

சங்கப் பதிவாளருக்கு வருஷா வருஷம் போடவேண்டியதைப் போட்டிருக்கீங்களா? நூத்துக்கு எம்பது சங்கம் பதிவு பண்ண அன்னிக்கோட அந்த ஆபீஸ் பக்கமே போறதில்ல (எம்பதுன்னு நான் சும்மா சொல்றேன், எங்க டேபிளுக்கு வர்றதைப் பாத்து). நிர்வாகி யாராவது மாறியிருந்தா அதையும் தெரிவிச்சிருக்கணும். கிராண்ட் ஓகே ஆகி, பேங்க்ல கையெழுத்துப் போடுறவர் பேரு ஒண்ணு, பதிவுல இருக்குற பேரு ஒண்ணுன்னு மாட்டிக்கிட்டவங்களை நான் பாத்திருக்கேன்.

கூடவே ஒரு சின்ன விஷயம். யாராவது வந்து "அட்மின் செலவு 5 பர்சன்ட்டுக்கு மேல போடக்கூடாது, சட்டம்"னு சொன்னா தலையாட்டாதீங்க. அந்த 5 பர்சன்ட் சிஎஸ்ஆர் பண்ற கம்பெனி தன்னோட சொந்த நிர்வாகச் செலவுக்கு வச்சுக்குற வரம்பு. உங்களுக்கு இல்ல. எஃப்சிஆர்ஏல 20 பர்சன்ட், அது வெளிநாட்டுப் பணத்துக்கு. ஆடிட் ஃபீஸ், கணக்கு எழுதுறவர் சம்பளம் எல்லாம் தாராளமா பட்ஜெட்ல போடலாம், அவங்க ஒரு அளவு சொல்லியிருந்தா அதுக்குள்ள போடுங்க.

மூடுபனி_கோத்தகிரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ஃபோன் பண்ணிட்டேன், மூணு நாள் கூச்சப்பட்டு நாலாவது நாள். ஒரு மேடம் எடுத்தாங்க, பதினஞ்சு நிமிஷம் பேசுனாங்க. தமிழ்ல எழுதலாம், பட்ஜெட் மட்டும் அவங்க எக்ஸெல் ஷீட்ல போடணுமாம். பணம் முழுக்க உள்நாடு, சிஎஸ்ஆர் இல்ல. 12ஏ இல்லன்னா பரவால்ல, ஆனா போட்டிருக்கோம்ங்கிற அத்தாட்சி வேணும்னாங்க. கட்டடத்துக்கு அவங்க தர்றதே இல்லையாம், அதைக் கேட்டதும் எங்க கமிட்டில சத்தம் அடங்கிடுச்சு.

கூடலூர் அண்ணா கேட்ட மாதிரி எதுக்குக் கடன் வாங்குறோம்னு உக்காந்து பாத்தோம். ஜீப்புங்க. எங்களுக்கே ஆச்சரியமா இருந்துச்சு. ஆறரைக்கு வகுப்பு முடியுது, கடைசி மினி பஸ் அஞ்சரையோட போயிடுது, மேல் லைன்ல இருந்து வர்ற 14 பிள்ளைங்க தேயிலைக் காட்டுக்குள்ள ஒன்றரை கிலோமீட்டர் நடக்கணும். காட்டெருமை நிக்கும், போன டிசம்பர்ல ரேஷன் கடை திருப்பத்துல கரடி குட்டியோட நின்னுச்சு, பெரிய பையன் ஒருத்தன் பாத்து எல்லாரையும் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டான். அன்னிலருந்து ஜீப் வச்சு அனுப்புறோம், ஒரு நாளைக்கு 700. அந்தக் காசு தான் எங்களை முழுங்குது. இவ்வளவு நாளா எங்க கணக்குல அது "இதர செலவு"ல கிடந்துச்சு.

பட்ஜெட் இப்படி வந்திருக்கு, பாத்துச் சொல்லுங்க. ஜீப் 700 வீதம் மாசம் 22 நாள், 15,400. வருஷம் பூரா கேக்கல, அக்டோபர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் அஞ்சு மாசம், மழை மூடுபனி சீக்கிரம் இருட்டுறது எல்லாம் அப்போ தான், மத்த மாசத்துல வகுப்பை அரை மணி முன்னாடி முடிச்சு பெரியவங்க ஒருத்தர் கூட நடந்து விட்டுட்டு வர்றதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். அது 77,000. சொல்லித் தர்ற ரெண்டு பொண்ணுங்களுக்கு மாசம் 6,000 வீதம் பத்து மாசம், 1,20,000. சுண்டல் ஒரு பிள்ளைக்கு 12 ரூபா, 34 பிள்ளை, 22 நாள், பத்து மாசம், 89,760. எமர்ஜென்சி லைட்டு 6,000, புத்தகம் நோட்டு 15,000, ஆடிட்டும் கணக்கும் 25,000. மொத்தம் 3,32,760.

எங்க பங்கு: பெத்தவங்க மாசம் 50 ரூபா, 17,000. சுண்டல்ல பாதியை மகளிர் குழு ஏத்துக்கிறேன்னுட்டாங்க, 44,880. கேக்குறது 2,70,880. ஹாலுக்கு வாடகைன்னு தனி கட்டத்துல காட்டியிருக்கோம், கூட்டுல சேக்கல.

இல்லம் தேடிக் கல்வி பத்தி அக்கா கேட்டதுக்கு, அக்காவா அண்ணனான்னு தெரியல தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க, எங்க ஊர்ல அது நடந்துச்சுங்க, நல்லாத் தான் நடந்துச்சு, சொல்லித் தந்த பொண்ணு கல்யாணமாகி சத்தியமங்கலம் போயிடுச்சு. அந்தப் பொண்ணு வச்சுட்டுப் போன கார்டு, படம் எல்லாம் இப்பவும் எங்க ஹால்ல தான் இருக்கு. இதையே எழுதிடவா?

தாண்டிக்குடி_காப்பி:

அக்கா தான் தம்பி. அதையே எழுதுங்க, அந்தக் கார்டோட ஒரு படமும் வைங்க.

பட்ஜெட் சுத்தமா இருக்கு. போன வருஷ வரவை விட கொஞ்சம் தான் கூட கேக்குறீங்க, சமாளிப்பீங்கன்னு தெரியும். ஒரே ஒரு எடம், ஜீப்பை "போக்குவரத்து"ன்னு மொட்டையா போடாதீங்க. கீழ உக்காந்து படிக்கிறவங்க நிர்வாகிங்க ஊர் சுத்துற செலவுன்னு நெனச்சு மொதல் வெட்டு அங்க தான் போடுவாங்க. "மேல் லைன் பிள்ளைகள் 14 பேரை இரவு வீட்டில் சேர்க்கும் ஜீப்"னு முழுசா எழுதுங்க. கரடி கதையும் ரெண்டு வரி. அடுத்த வருஷம் இவங்க தரலன்னா ஜீப் என்ன ஆகும்னு கேப்பாங்க, எஸ்டேட்ல வண்டி கேட்டிருக்கோம், ஊராட்சில கேட்டிருக்கோம்னு சொல்றதுக்கு இப்பவே ஒரு மனுவாவது குடுத்து ரசீது வாங்கிக்குங்க.

அவங்க பாக்க வர்றேன்னா வழக்கமான நாள்லயே வரச் சொல்லுங்க. ஒரு ஊருக்கு நாங்க போனப்போ ஆரத்தி, பொன்னாடை, மைக் செட்டு, பிள்ளைங்க மூணு மணி நேரமா வெயில்ல நின்னுட்டு இருந்துச்சுங்க. வகுப்பு எப்படி நடக்குதுன்னு கடைசி வரைக்கும் பாக்கவே முடியல.

கூடலூர்_கணக்குப்பிள்ளை:

அந்த ரெண்டு பொண்ணுங்க பேர்ல பேங்க் அக்கவுண்ட் இருக்கா பாத்துக்கங்க, சம்பளத்தைக் கைல குடுக்க வேண்டாம். கிராண்டுக்குன்னு தனி லெட்ஜர் வைங்க, முடிஞ்சா தனி அக்கவுண்டே. மூணு மாசத்துக்கு ஒருக்கா செலவுக் கணக்கு கேப்பாங்க, அன்னிக்கு உக்காந்து பழைய பில்லைத் தேடுனா பைத்தியம் புடிச்சுடும்.

அப்புறம் உங்க கோத்தகிரிலயே கீஸ்டோன் ஃபவுண்டேஷன் இருக்காங்க, 1993ல தேன் எடுக்குறவங்களோட ஆரம்பிச்சவங்க. எங்க ஊர்ல ஆதிவாசிகளோட வேலை பாக்குற அக்கார்டு அமைப்பு 1986ல இருந்து. அவங்க வேலை வேற, உங்க வேலை வேற, ஆனா ரிப்போர்ட் எப்படி எழுதுறதுன்னு ஒரு நாள் போய் உக்காந்து கேக்குறதுல தப்பில்ல.

மூடுபனி_கோத்தகிரி:

சரிங்கண்ணா. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். ஜீப் ஓட்டுறவர் பில்லெல்லாம் தர மாட்டார், அவர்கிட்ட பில் புக்கே கிடையாது. "நான் என்ன ட்ராவல்ஸா வச்சிருக்கேன்"னு சிரிக்கிறார். என்ன பண்றது?

குன்னூர்_ஆடிட்_ஆபீஸ்:

வவுச்சர் போடுங்க. சங்கத்து பேர் போட்ட வவுச்சர், தேதி, வண்டி நம்பர், எங்க இருந்து எங்க, எத்தனை பிள்ளைங்க, தொகை, கீழ அவர் கையெழுத்து. தினமும் ஒரு ட்ரிப் ஷீட், அதுல வகுப்பு டீச்சர் கையெழுத்து. பணத்தை சங்கத்து பேங்க் அக்கவுண்ட்ல இருந்தே அனுப்பிடுங்க, மாசம் 15,400 வருது, ஒரே நாள்ல ஒருத்தருக்கு 10,000க்கு மேல ரொக்கமா குடுத்தா ஆடிட்ல இடிக்கும். 5,000க்கு மேல இருக்குற ரசீதுல ஒரு ரூபா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அது மேல கையெழுத்து. ஸ்டாம்ப் போஸ்ட் ஆபீஸ்ல கிடைக்கும், ஒரு ஷீட்டா வாங்கி வைங்க, ஒண்ணு ஒண்ணா வாங்கப் போனா ஒவ்வொரு தடவையும் சில்லறை கேப்பாங்க. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு மட்டும் பேப்பரைக் கையில வாங்கிப் பாருங்க, பிள்ளைங்க போற வண்டி.